புதன் தெரிந்த அந்தி

அந்த மாதம் ஊரே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது. ஐந்து கிரகங்கள் ஒன்றாகத் தெரியப்போகின்றன, மேற்கு அடிவானத்தில் தொடங்கிக் கிழக்குவரை நூல் பிடித்ததுபோல நிற்கும் என்று செய்தியில் சொன்னாலும் சொன்னார்கள், பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஜனங்கள் மேற்கே பார்த்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளியைக் காட்டி விமானம் என்றவர்கள் உண்டு. தெருவிளக்கைக் காட்டி வியாழன் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

ஊரிலேயே அதைப் பார்க்க வசதியான நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் ஒருவன். அவன் மட்டும் பார்க்கவில்லை.

அவன் கிரேன் ஓட்டுபவன். கட்டுமானத் தளத்தின் நடுவில் ஒற்றைக்காலில் நிற்கும் கோபுரக் கிரேனின் உச்சியில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு லீவர்கள், ஒரு வாக்கிடாக்கி, ஒரு தண்ணீர்ப் புட்டி. காலையில் இருநூற்று எழுபது படி ஏணியில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவான். தளத்தில் அவனை எல்லோரும் ‘மேல்வீடு’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் அவனுடைய அத்தான், அக்காவின் கணவர்.

அத்தான் அதே தளத்தில் கீழே நின்று சிக்னல் கொடுத்தவர். மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். எந்த மூலையில் ஆள் நிற்கிறது, சுமை எதில் இடிக்கப்போகிறது என்று கீழே இருப்பவர் சொல்லச் சொல்லத்தான் லீவரை அசைக்க முடியும். ஆறு வருஷம் அத்தானின் கண்தான் அவனுக்குக் கண். வாக்கிடாக்கியில் பேசுவதற்கு முன் அத்தான் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவார். ‘டிக், டிக்’ என்று கேட்கும்.

“எதுக்கு அத்தான் இது?” என்று ஒருநாள் கேட்டான்.

“கதவைத் தட்டாம வீட்டுக்குள்ள போகலாமா? அதுவும் நீ மேல்வீட்டுக்காரன்.”

நாள் முழுக்க அண்ணாந்து பார்ப்பது அத்தானின் பிழைப்பு. வேலை முடிந்த பிறகும் அவர் தலை குனிவதில்லை. எந்தக் கிரகம் எந்த மாதம் எங்கே நிற்கும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஜாதகம், தோஷம் என்று யாராவது பேச்செடுத்தால் மட்டும் கோபம் வரும். “அது அதுபாட்டுக்குச் சுத்துது, உனக்குக் கல்யாணம் ஆகலைன்னா அதுக்கு அது என்ன பண்ணும்?” என்பார். அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. புதனை அவர் பார்த்ததே இல்லை. புதன் சூரியனை விட்டு அதிகம் விலகாது. பொழுது சாய்ந்ததும் அடிவானத்தை ஒட்டிக் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு அமிழ்ந்துவிடும். அவர் வாழ்ந்த தெருக்களிலும் வேலை செய்த தளங்களிலும் அடிவானம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எங்கே நின்றாலும் ஒரு சுவர். கிரேனில் ஏறிப் பார்த்துவிடலாமே என்றால், “ஏணின்னாலே எனக்கு ஜன்னி கண்டுடும்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

அவர் இறந்து பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது.

அன்றும் இதே மாதிரி ஓர் அந்தி. வெள்ளியும் வியாழனும் மேற்கே நெருங்கி வந்திருந்தன. கடைசிச் சுமையாகக் கம்பிக் கட்டு ஒன்றை ஐந்தாவது மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. சுமையைத் தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கியதும், சமநிலை பார்ப்பதற்காக, “நிறுத்து, கொஞ்சம் நிக்கட்டும்” என்றார் அத்தான். நிறுத்தினான். பிறகு ‘டிக், டிக்’ என்று மறுபடி கேட்டது. அத்தான் பேசினார். அவன் வலப்பக்கம் திரும்பி மேற்கே பார்த்தான். உடம்பு திரும்பியபோது இடது கையும் கூடவே வந்துவிட்டது. லீவர் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அவ்வளவுதான். கிரேனின் நீண்ட கை சட்டென்று சுழன்றது, கம்பிக் கட்டு ஊஞ்சல்போல ஆடிச் சாரத்தின் முனையில் இடித்தது, கட்டிலிருந்து கம்பிகள் உருவிக்கொண்டு அத்தான் நின்ற இடத்தில் சரிந்தன.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அது பழைய கிரேன். எதையும் பதிந்துவைக்கும் பெட்டி அதில் கிடையாது. “கை லீவர்ல பட்டுச்சா?” என்று கேட்டார்கள். “இல்லை” என்றான். “கடைசியா ஏதாவது பேசினாரா?” என்று கேட்டார்கள். “நிறுத்துன்னு மட்டும்தான் சொன்னார்” என்றான். அவன் தலை நிமிராமல் பதில் சொன்னதைத் துக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கம்பிக் கட்டுக்கு வடம் கட்டியவர் சரியாகச் சுற்றவில்லை என்று முடிவாயிற்று. முப்பது வருஷம் வடம் கட்டியவர், தளத்தில் ‘முடிச்சு’ என்றால்தான் தெரியும். அவரை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். அதன் பிறகு வேறு எந்தத் தளத்திலும் அவரைக் கயிறு தொட விடவில்லை.

நடந்தது என்னவென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். பத்தொன்பது மாதமாக அந்தியில் கொக்கியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வேலை செய்யப் பழகியிருந்தான்.

இந்த மாதம் அது முடியாமல் போயிற்று.

முதலில் வந்தது சத்தம்தான். சூரியன் இறங்கி மேற்கே ஆரஞ்சு நிறம் வடிந்துகொண்டிருந்தபோது, சும்மா கிடந்த வாக்கிடாக்கியில் ‘டிக், டிக்’ என்று கேட்டது. அவன் முதுகில் ஈரத்துணி பட்டதுபோலச் சில்லென்றது.

“யாரு?” என்றான்.

“நான்தாண்ணே, சொல்லுங்க” என்றது பதில். இப்போது சிக்னல் கொடுப்பவள் ஒரு பெண். தளத்தில் அவள் பெயர் ‘ஸ்பீக்கர்’. அவள் ரகசியம் பேசினாலே நாலு மாடிக்குக் கேட்கும்.

“நீ பொத்தானை அழுத்தினியா?”

“இல்லையே. என் கையில டம்ளர்தான் இருக்கு.”

மறுநாளும் அதே நேரத்தில் கேட்டது. வாக்கிடாக்கியை மாற்றினார்கள். புதியதிலும் கேட்டது. நாலாம் நாள் கம்பி அடுக்கியிருந்த இடத்தில் ஒருவர் நிற்பதைக் கண்டான். ஆரஞ்சுச் சட்டை, முதுகில் வெள்ளிப் பட்டை. தளத்தில் எல்லோருக்கும் அதே சட்டைதான். ஆனால் மற்றவர்கள் வேலையாக அலைந்துகொண்டிருக்க, இவர் மட்டும் மேற்குச் சுற்றுச்சுவரைப் பார்த்தபடி நின்றார். குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் எம்பி, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்போல நின்றார். கொஞ்ச நேரம் எம்பி நிற்பார், பாதத்தை இறக்குவார், மறுபடி எம்புவார். நன்றாக இருட்டியதும் அந்த இடம் காலியாக இருக்கும்.

அவர் முகத்தை அவன் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவைப்படவும் இல்லை. அந்தக் கழுத்தை அவன் ஆறு வருஷம் மேலிருந்து பார்த்திருக்கிறான்.

அந்த நேரத்தில் லீவரைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. “சாயங்காலமானா கிரேனுக்குத் தூக்கம் வந்துடுது” என்று கொத்தனார்கள் பேசிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் காதுக்கும் போயிற்று. “உடம்பு சரியில்லைன்னா சொல்லு. சும்மா வேலையை நிறுத்தாதே” என்றார்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. அத்தான் போனபிறகு அவன் அக்காவோடுதான் இருந்தான். மருத்துவமனையில் துணி அறையில் அக்காவுக்கு வேலை. நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, வீட்டிலும் கையில் எது கிடைத்தாலும், பழைய செய்தித்தாளானாலும், நான்காக மடித்துவைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அன்று ஜன்னலில் நின்றுகொண்டு கேட்டாள்:

“ஏண்டா, அங்க மேல இருந்து புதன் தெரியுமா?”

அவன் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது.

“இல்ல, எங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் அதே பேச்சு. ஒரு டாக்டரம்மா படம் காட்டினாங்க. வெள்ளி தெரியுது, வியாழன் தெரியுது. புதன் மட்டும் யாருக்கும் அகப்படலையாம். அவர் இருந்திருந்தா இந்நேரம் நம்மளைத் தூங்க விட்டிருப்பாரா?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே தேய்ந்தது. “நீயாவது பார்த்துட்டு வந்து சொல்லேன்.”

“வேலை நேரத்துல எங்க அக்கா பார்க்கிறது” என்றான்.

“அதுவும் சரிதான்” என்றாள் அக்கா. கைக்குட்டையை நான்காக மடித்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. ஐந்தும் தெளிவாகத் தெரியும் கடைசி வாரம் இது என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். தளத்தில் வேலை செய்தவர்கள்கூடக் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு மேல்தளத்தில் கூடியிருந்தார்கள். ஆனால் ஒரு சுமை மிச்சம் இருந்தது, சிமெண்ட் பலகைகள். அதை இறக்கிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். பலகைகளைத் தூக்கி, முற்றத்துக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினான்.

“இறக்குங்கண்ணே, நேர் கீழே” என்றாள் ஸ்பீக்கர்.

குனிந்து பார்த்தான். சுமைக்கு நேர் கீழே ஆரஞ்சுச் சட்டை எம்பி நின்றது.

“ஆள் நிக்குது.”

“எங்கண்ணே?”

“சுமைக்குக் கீழே. அவரை விலகச் சொல்லு.”

“யாரும் இல்லண்ணே. இடம் காலி.”

‘டிக், டிக்.’ வாக்கிடாக்கி அவன் காதருகில் மூச்சு விட்டது. பிறகு, இத்தனை நாள் வராத குரல் வந்தது. மெதுவாக, பொறுமையாக, பதிலுக்குக் காத்திருக்கிறவர் கேட்பதுபோல: “தெரியுதா மச்சான்?”

அவன் இரண்டு கையையும் லீவரிலிருந்து எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பலகைகள் காற்றில் தொங்கின. கீழே சத்தம் போட்டார்கள். சூப்பர்வைசர் கத்தினார். நேரம் போயிற்று, எவ்வளவு என்று அவனுக்குத் தெரியவில்லை. மேல்தளத்தில் கூடியிருந்தவர்கள் வானத்தை விட்டுவிட்டு அவனைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போது ஸ்பீக்கர் ஒரு காரியம் செய்தாள். கீழே எல்லோரையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டு, யாரும் வரக்கூடாது என்று கையை நீட்டி எச்சரித்துவிட்டு, தனியாக முற்றத்தின் ஓரம்வரை வந்தாள். சுமைக்கு வெளியே, இரண்டடி தள்ளி நின்றாள்.

“அண்ணே, நீங்க சொல்ற இடத்தைத்தான் நான் பார்த்துட்டு நிக்கிறேன். இங்க ஒரு பூனைகூட இல்ல. நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். என் குரலை மட்டும் கேளுங்க. பத்தடி இடது பக்கம் கொண்டு போங்க. அங்க இறக்கலாம்.”

அவன் இருவரையும் பார்த்தான். அவளையும், அவளுக்கு இரண்டடி தள்ளி எம்பி நின்ற முதுகையும். அவள் குரலை ஒரு கைத்தடிபோலப் பிடித்துக்கொண்டு சுமையை இடப்பக்கம் நகர்த்தி இறக்கினான். கொக்கி அவிழ்ந்ததும் எழுந்தான். எழும்போது, தவிர்க்க முடியாமல், அவன் கண் மேற்கே போயிற்று. வெள்ளி பளீரென்று நின்றது. அதற்கு வெகு கீழே, கூரைகளின் விளிம்பில், இளஞ்சிவப்பாக ஒரு சின்னப் பொட்டு.

ஏணியில் இறங்கும் வழியில் இரண்டு முறை நின்று அழுதான். கீழே வந்ததும் சூப்பர்வைசர் அவன் முகத்தைப் பார்த்துத் திட்ட வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டார். “நாளைக்கு வராதே. டாக்டரைப் பார்” என்றார்.

அவன் டாக்டரைப் பார்க்கப் போகவில்லை. மறுநாள் பகலில், ஒன்றரை வருஷமாக அவன் சுற்றிப் போய்த் தவிர்த்த தெருவுக்குப் போனான். அந்தத் தெரு முனையில் வண்டி நிறுத்துமிடம். அதன் வாசலில், சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் கூண்டுக்குள் முடிச்சு உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். தன் சாப்பாட்டுப் பையின் வாயைக் கயிற்றால் சுற்றி முடிந்திருந்தார். பேசத் தொடங்கும் முன்பே அந்த முடிச்சை அவிழ்த்து, மறுபடி இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பார்த்து, முடிந்தார்.

“வா தம்பி. உட்கார இடம் இல்ல. அக்கா எப்படி இருக்கா?”

“இருக்கா அண்ணே.”

“நான் வந்து பார்க்கணும்னு நினைப்பேன். எந்த முகத்தோட வர்றது?” என்றார் முடிச்சு. “வீட்டு வாசல்வரைக்கும் ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிட்டேன்.”

சொல்ல வேண்டியதை அவன் வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தான். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

“முதல்ல எனக்குக் கோபம்தான். நான் சரியாத்தான் கட்டினேன்னு எல்லார்கிட்டேயும் சண்டை போட்டேன். அப்புறம் ஒருநாள் படுத்திருக்கும்போது யோசிச்சேன். ரெண்டு சுத்து சுத்தினேனா, ஒரு சுத்தா? அன்னிக்கு அவசரம், கடைசிச் சுமை. யோசிக்க யோசிக்க, ஒரு சுத்துதான்னு தோணுச்சு. இப்போ எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. ஒரு சுத்துதான். என் கை அந்தச் சுத்தை விட்டது எனக்குக் கண்ணுல தெரியுது. தினமும் தெரியுது.” அவர் பையின் கயிற்றை மறுபடி அவிழ்த்தார். “உங்க அத்தான் வந்து ஒண்ணும் கேட்கிறதில்ல. சும்மா என் கையையே பார்த்துட்டு நிக்கிறார்.”

அவன் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தான் ஒருவன்தான் செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தான். இன்னொருவர் செய்யாத பிழையைச் செய்ததாக நம்பும்வரை போய்விட்டார். அந்த ஞாபகத்தை அவருக்குள் நட்டது தன்னுடைய ‘இல்லை’ என்ற ஒரு சொல்.

“அண்ணே, ரெண்டு சுத்துதான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கட்டு சரியா இருந்துச்சு. தூக்கி நிறுத்தும்போது அசையாம நின்னுச்சு. நான்தான் அசைச்சேன். என் கை லீவர்ல பட்டுடுச்சு. விசாரணையில பொய் சொன்னேன்.”

முடிச்சின் கை கயிற்றில் நின்றது. ஒரு வண்டி வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அவர் எழுந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், தடுப்பைத் தூக்கினார், இறக்கினார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு சுத்தா?”

“ரெண்டு சுத்து.”

“முப்பது வருஷம் இந்தக் கையை நம்பித்தான் ஆளுங்க கீழே நடந்தாங்க,” என்றார். குரல் உயரவில்லை. “நீ என் வேலையை எடுத்துக்கிட்டே, சரி. வேலை போகும் வரும். என் கையை நானே நம்பாதபடி பண்ணிட்டியே.”

அவன் காலில் விழப்போனான். முடிச்சு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “அதெல்லாம் வேண்டாம். எழுதிக் கொடு. எங்க எழுதிக் கொடுக்கணுமோ அங்க கொடு. அதுக்கு முன்னாடி அக்காகிட்ட சொல்லு. வேற யார் மூலமாவது அவ காதுக்குப் போச்சுன்னா, அப்புறம் நீ மனுஷனே இல்ல.”

அக்கா அன்று பகல் வேலை முடித்து நாலு மணிக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, உலர்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடிக்க உட்கார்ந்தாள். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னான். கை பட்டதைச் சொன்னான். விசாரணையில் மறைத்ததைச் சொன்னான். முடிச்சைப் பற்றிச் சொன்னான். அவள் மடித்துக்கொண்டே கேட்டாள். சட்டை, துண்டு, தலையணை உறை.

“நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பினே?” என்று மட்டும் கடைசியில் கேட்டாள்.

“அத்தான் பார்க்கச் சொன்னார்.”

அக்காவின் கை நின்றது. “பேசினாரா?”

“பேசினார்.”

“நிறுத்துன்னு மட்டும்தான் சொன்னார்னு சொன்னே.”

“அதுக்கப்புறமும் பேசினார் அக்கா.”

“என்ன பேசினார்? ஒரு எழுத்து விடாம சொல்லு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பத்தொன்பது மாதமாகத் தினமும் கேட்டது, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “‘மச்சான், சுமை நிக்கட்டும். ஒரு நிமிஷம் மேற்கே பாரு. வெள்ளியும் வியாழனும் எனக்குத் தெரியுது. அதுக்குக் கீழே புதன் இருக்கணும், இந்தச் சுவர் மறைக்குது. உனக்குத் தெரியுதா மச்சான்? தெரிஞ்சா என்ன நிறம்னு சொல்லு, வீட்டுக்குப் போய் உங்க அக்காகிட்ட நானே பார்த்த மாதிரி சொல்லிக்கிறேன்.’ அவ்வளவுதான்.”

“சிரிச்சாரா?”

“கடைசியில சிரிச்சார்.”

“உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. இளஞ்சிவப்பா, சின்னதா. சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள கீழே சத்தம்.”

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, சாம்பலாயிற்று. அடுத்த வீட்டு மாடியில் யாரோ சிலர் மேற்கைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கை பட்டது விதியா இருக்கட்டும், பிசகா இருக்கட்டும். அதை நான் என்னிக்காவது மன்னிச்சுடுவேன். அது யாருக்கும் நடக்கும்,” என்றாள் அக்கா. “அவர் ஒண்ணும் சொல்லாமப் போயிட்டார்னு ஒன்றரை வருஷம் நான் இந்தக் கட்டில்ல புரண்டுட்டு இருந்தேன். நீ பக்கத்து அறையில படுத்திருந்தே. அவர் எனக்குன்னு சொன்னதை நீ வச்சிருந்தே. நான் கேட்டப்பகூட, இந்த ஜன்னல்கிட்ட நின்னு கேட்டப்பகூட, நீ சோத்தைத் தின்னுட்டு எழுந்து போனே.”

“அக்கா…”

“போடா. எங்கேயாவது போய் இரு. இப்போ உன் முகத்தைப் பார்த்தா எனக்கு ஆகாது.”

அவன் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிளம்பும்போது அக்கா ஜன்னலருகே நின்றிருந்தாள். எதிர் வீட்டுச் சுவர் மேற்கை மறைத்தது. அவள் குதிகாலைத் தூக்கி எம்பி நின்றிருந்தாள். அதைப் பார்த்ததும் அவன் படியில் தடுமாறி விழப்பார்த்தான்.

மறுநாள் எழுதிக் கொடுத்தான். விசாரணையை மறுபடி திறந்தார்கள். அது நாலு மாதம் இழுத்தது. அத்தான் வேலை நடுவில் வேறு பேச்சுப் பேசியதும் அதில் பதிவாயிற்று. அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கு வாய் கூசியது. அவன் லைசென்ஸை ரத்து செய்தார்கள். இனி எந்தக் கிரேனிலும் ஏற முடியாது. இன்னும் பெரிதாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தான். தானாக வந்து ஒப்புக்கொண்டதால் அத்தோடு விட்டார்கள். ஸ்பீக்கர் சாட்சிக்கு வந்தாள். அவளைக் கேட்காமலேயே, “அண்ணன் மாதிரி சுத்தமா வேலை செய்றவரை நான் பார்த்ததில்ல” என்று சொன்னாள். அவள் சொன்னது அந்த அறைக்கு வெளியிலும் கேட்டது. உள்ளே யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

முடிச்சு மேல் குற்றம் இல்லை என்று கடிதம் வந்தது. இரண்டு தளங்களிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு தளத்துக்குப் போனார். முதல் சுமைக்கு வடம் கட்டினார், அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். மத்தியானம்வரை அந்த ஒரு கட்டுதான். தானே கையுறைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்துக்குத் திரும்பிவிட்டார். இதை அவனிடம் அவரே சொன்னார். “ரெண்டு சுத்துன்னு காகிதத்துல போட்டுட்டாங்க. என் கைக்குத்தான் இன்னும் படிக்கத் தெரியல” என்றார். அதற்குப் பிறகு அவன் வாரம் ஒருமுறை அந்தக் கூண்டுக்குப் போய்வந்தான். சில நாள் பேசுவார். சில நாள், “இன்னிக்குப் போயிடு” என்பார். போய்விடுவான்.

கிரகங்கள் கலைந்துபோய் வெகுநாளாகிவிட்டது. முதலில் புதன் அமிழ்ந்தது, பிறகு சனி, பிறகு வெள்ளி ஒவ்வொரு நாளும் இறங்கி ஒருநாள் காணாமல் போயிற்று. ஜனங்கள் பழையபடி தரையைப் பார்த்து நடந்தார்கள். அவனுக்கு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே வாக்கிடாக்கி கிடையாது. ஆனாலும் சில சாயங்காலங்களில், பெட்டிகளுக்கு நடுவில், காதருகே யாரோ கதவைத் தட்டுவதுபோல இரண்டு தட்டு கேட்கும். இப்போதெல்லாம் அவன் பயப்படுவதில்லை. வேலையை நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை சும்மா நிற்பான். ஏதாவது சொல்லலாமா என்று தோன்றும். சொன்னால் அப்புறம் வராதோ என்ற பயத்தில் வாயைத் திறக்க மாட்டான்.

அவன் வீட்டைவிட்டு வந்து எட்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் சின்ன வீடு பார்த்திருக்கிறாள், மாறப்போகிறாள், துணி துவைக்கும் மெஷினை மூன்று மாடி இறக்க வேண்டும், ஆள் கிடைக்கவில்லை. இவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் பெயரைச் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை.

போனான். வீட்டில் பாதிக்கு மேல் மூட்டை கட்டியாகிவிட்டது. அவள் முன்பக்கத்தைப் பிடித்தாள், அவன் பின்பக்கத்தைப் பிடித்தான். படியில் இறங்கினார்கள்.

“இடது பக்கம்” என்றான்.

“தெரியுது.”

“மெதுவா. அங்க படி உடைஞ்சிருக்கு.”

“தெரியுதுன்னேன் இல்ல.”

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மெஷினை இறக்கி வைத்தார்கள். அவள் கீழ்ப்படியில் ஒருக்களித்து உட்கார்ந்தாள், அவன் மேல்படியில் உட்கார்ந்தான். நடுவில் மெஷின். இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

“அவர் வர்றாராடா உங்கிட்ட?” என்று அக்கா மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

“வர்றார்.”

“எங்கிட்ட வரல” என்றாள்.

கீழ்மாடிக்காரர் கைப்பையோடு ஏறி வந்து, வழி இல்லாமல் நின்றார். அக்கா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“தூக்கு” என்றாள். அவன் தூக்கினான்.